எண்ணெய் மூடியில் படிந்த வெள்ளை

தம்பி,

ராவாங்கில் மண்டபம் பிடித்தாகிவிட்டது, வேறு கார் எதற்கு, நம் காரையே பூ வைத்து ஜோடித்துவிடலாம், அதில்தான் நீங்களும் அப்பாவும் வரவேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிட்டுப் போனாய். தாலியில் மூன்றாவது முடிச்சை அக்காதான் போட வேண்டும், நாத்தனார் முறைக்கு வேறு யாரையும் நிறுத்த மாட்டேன் என்றும் சொன்னாய். உன் அப்பாவுக்கு வாயெல்லாம் பல். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. "ஏம்மா மூஞ்சிய இப்படித் தூக்கி வச்சிருக்கீங்க? பொண்ணு வீட்டுக்காரங்க பாத்தா என்ன நெனப்பாங்க?" என்று கேட்டாய். அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன். நேரில் பேசினால் எனக்குக் குரல் ஏறிவிடும், அப்பா காதில் விழும். அதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நீளமாக இருக்கும். பொறுமையாகப் படி. கல்யாணத்துக்கு நிற்கிற பிள்ளைக்கு அம்மா எழுதுகிற கடிதம் என்றால் இனிப்பாக இருக்கும் என்று எதிர்பார்க்காதே.

முதலில் அந்த "நம் கார்" என்கிற பேச்சை நிறுத்து. அது யாருக்காக வாங்கிய கார் என்று உனக்கு மறந்துபோயிருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. அப்பா எஸ்டேட்டில் ஆட்களை மேற்பார்க்கிற மண்டோர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று கையில் வந்ததைக் கொண்டு கிள்ளானுக்குப் போய் அந்தப் பழைய ஜப்பான் காரை வாங்கி வந்தது உன் அக்கா வாசுகியின் கல்யாணத்துக்கு. பத்தாங் காலி மாப்பிள்ளை, அரசாங்க ஆபீசில் வேலை, டவுன் குடும்பம். அவர்கள் கார் கேட்கவில்லை. இவராகத்தான் கார் கொடுக்கிறேன் என்று சொன்னார். "எஸ்டேட்டு லயத்து வீட்டுப் பொண்ணுன்னு அங்க யாரும் அவள எளப்பமா பேசிறக் கூடாது" என்பார். செம்பனைக் குலை சுமந்தவர்களை அதட்டியே காலம் கழித்த மனிதர், மகள் விஷயத்தில் மட்டும் எப்போதும் யாருக்கோ பயந்துகொண்டே இருந்தார். எனக்கு அதில் எரிச்சல்தான். இருந்தாலும் கார் வந்து வாசலில் நின்றபோது நானும்தான் எலுமிச்சம்பழம் வைத்தேன்.

அதை அவர் வைத்திருந்த விதம் உனக்குத் தெரியும். நீ அப்போது ராவாங் பாக்டரியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிற பிரிவில் இருந்தாய், சனிக்கிழமை சனிக்கிழமை வருவாய். வீட்டுக்குப் பக்கத்தில் தகரம் போட்டு ஒரு கொட்டகை கட்டி அதற்குள் காரை நிறுத்தினார். கல்யாணத்துக்கு முன்னால் வண்டி அலைந்து பழசாகக் கூடாதாம். குவாலா சிலாங்கூருக்கு மீன் வாங்கப் போவதென்றால்கூட மோட்டார் சைக்கிளில்தான் போவார். ஆனால் பேட்டரி செத்துவிடும் என்று யாரோ சொன்னார்களாம், அதனால் தினமும் காலையில் திருநீறு பூசிக்கொண்டு போய் எஞ்சினை முடுக்குவார். தேத்தண்ணியைக் குடித்து முடிக்கிற வரைக்கும் அது நின்ற இடத்திலேயே ஓடும். கோப்பையைக் கீழே வைத்ததும் நிறுத்திவிடுவார். வெள்ளிக்கிழமை மட்டும் எஸ்டேட் முகப்பு மாரியம்மன் கோயில் வரைக்கும் போய்த் திரும்பும். நம் பக்கத்து மழையும் கடல் காற்றும் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. துவைத்த துணி காய்வதற்கே படாத பாடு படும் ஊர். அந்த ஈரத்துக்குள் கார் சூடே ஏறாமல் மாதக்கணக்கில் கிடந்தது. அவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டார்.

அந்த ஆடி மாதம் மாப்பிள்ளை வீட்டார் வந்த நாளைச் சொல்கிறேன். கல்யாணம் ஆவணியில். புடவை எடுக்கிற விஷயம் பேச வந்தவர்கள், சாப்பிட்டு முடித்து, காரைப் பார்க்கலாமே என்றார்கள். மாப்பிள்ளையின் தாய்மாமன் கார் பட்டறை வைத்திருப்பவர் என்பதால் பானெட்டைத் திறக்கச் சொன்னார். நீ அன்றைக்கு வீட்டில்தான் இருந்தாய், நீதான் திறந்தாய். எண்ணெய் ஊற்றுகிற மூடியைத் திருகி எடுத்து, அதன் அடியில் விரலை விட்டு வழித்து எல்லோருக்கும் காட்டினார். வெளுத்த மஞ்சளாக, நுரைத்த மாதிரி, கொழகொழவென்று ஒட்டியிருந்தது. "பாருங்க, ஆத்தி நொரை பொங்குன தே தாரேக் மாதிரி இருக்கு. எஞ்சினுக்கு ஊத்துற மினியா ஹீத்தாம்னா கறுப்பா இருக்கணும். உள்ள தண்ணி எறங்கிருச்சு. ஹெட் காஸ்கெட் போன எஞ்சின் இது" என்றார். அவர் தெரியாமல் சொன்னாரா, சம்பந்தம் பிடிக்காமல் ஒரு சாக்குத் தேடிக்கொண்டிருந்தாரா, அது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவரைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை, அவர் யாரோ. அவர் உன் பக்கம் திரும்பி, "தம்பி, நீங்க மெஷின் வேலை செய்றவரு, நீங்களே சொல்லுங்க" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அந்தக் காருக்கு ரேடியேட்டரில் தண்ணீர் பார்ப்பது நான்தான், அப்பாவுக்குக் குனிந்தால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். "தண்ணி கொறையவே இல்லையே, வாங்குன நாள்லேருந்து நான் ஒரு சொட்டு ஊத்தல" என்றேன். நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "சும்மா இருங்கம்மா, ஒங்களுக்கு என்ன தெரியும்" என்றாய். அத்தனை பேருக்கு முன்னால். அப்புறம் அந்த மூடியை வாங்கி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஆமா மாமா. தண்ணி கலந்துருச்சு. எஞ்சின் போச்சு லா" என்றாய். எண்ணெய் அளக்கிற கம்பி பக்கத்திலேயேதான் இருந்தது. அதை உருவிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? உனக்கு அந்த நேரத்தில் எஞ்சின் முக்கியமில்லை. டவுனிலிருந்து வந்தவர் உன்னைச் சமமாக மதித்துக் கேட்டுவிட்டார். அந்த மயக்கம் உனக்கு.

அதற்கும் நாங்கள்தான் காரணம் என்று வைத்துக்கொள். நீ தொழிற்பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது லயத்துத் தண்ணீர் பம்பை ஒரு தடவை ஓட வைத்துவிட்டாய். அன்றிலிருந்து இந்த வீட்டில் கரண்டு போனாலும், ரேடியோ கரகரத்தாலும், தையல் மெஷின் ஊசி உடைந்தாலும் உன் வாயைத்தான் பார்ப்போம். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பழகிவிட்டோம். நீயும் பழகிவிட்டாய். தெரியாது என்று சொல்லி உன்னை நான் பார்த்ததே இல்லை.

அந்த மாமன் அப்பாவிடம் கேட்டது உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. "தெரியாம வாங்கிட்டீங்களா, இல்ல தெரிஞ்சே எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா?" அப்பா வீட்டுக்குள் போய்ச் சாவியை எடுத்துவந்து நீட்டினார். "ஓட்டிப் பாருங்க. பத்தாங் பெர்ஜுந்தை வரைக்கும் போய்ட்டு வாங்க" என்றார். "ஓட்டுனா நடு ரோட்டுல நின்னுரும். இப்ப எதுக்கு?" என்று அவர் சிரித்தார். அப்பா சாவியை நீட்டியபடியே உன்னைப் பார்த்தார். நீ வாங்கி ஓட்டியிருக்கலாம். நீ காஸ்கெட் மாற்ற எவ்வளவு ஆகும் என்று அந்த மாமனிடம் விசாரித்துக்கொண்டிருந்தாய்.

ஒரு வாரத்தில் தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காருக்காக இல்லையாம், மனசு ஒப்பவில்லையாம். ஆனால் வெளியே போன பேச்சு வேறு. மண்டோர் செத்த காரை வாங்கி மாப்பிள்ளை வீட்டை ஏமாற்றப் பார்த்தார் என்று பத்தாங் பெர்ஜுந்தையில் பேசினார்கள், சபாக்கில் என் அண்ணன் வீடு வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. அதற்குப் பிறகு வந்த இரண்டொரு இடமும் விசாரித்துவிட்டு அப்படியே நின்றுபோனது. அப்பா கோயில் கமிட்டியிலிருந்து தானாகவே விலகிக்கொண்டார். உன் அக்கா யாரையும் எதுவும் சொல்லவில்லை. அப்பாவிடம் பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டாள். சாப்பாடு வைப்பாள், சட்டை தேய்த்துக் கொடுப்பாள், முகம் பார்த்துப் பேச மாட்டாள். அவர் தெரிந்தே செய்தாரோ என்று அவளுக்கும் ஒரு சந்தேகம். அதை அவள் என்னிடம்கூடச் சொன்னதில்லை, ஆனால் பெற்றவளுக்குத் தெரியாதா.

காரைப் பார்க்கப் பிடிக்காமல்தான் அப்பா உன்னை எடுத்துப் போகச் சொன்னார். "என் கண்ணுல படக் கூடாது, என்னமோ பண்ணு" என்றார். ராவாங்குக்குக் கொண்டுபோனாய். பட்டறையில் கிடக்கிறது, ரிப்பேர் பார்க்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு பொங்கல் வரைக்கும் பஸ்ஸில் வந்தாய். அப்புறம் ஒரு நாள் அதே காரை ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தி, "ஒரு மாதிரி சரி பண்ணிட்டேன்ப்பா" என்றாய். அவர் காரைச் சுற்றிச் சுற்றி வந்து தடவிப் பார்த்தார். அன்றைக்குச் சாயங்காலமே சாப்பாட்டுக் கடைக்குப் போய் மாதக்கணக்கில் பேசாத ஆட்களிடமெல்லாம் பேசினார். "செத்துப்போன எஞ்சினுக்கு என் மகன் உசிரு குடுத்துட்டான்" என்று. இன்றைக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். தன் பேர் போனதைப் பற்றிப் பேச மாட்டார், உன் கைராசியைப் பற்றிப் பேசுவார். நீ பக்கத்தில் இருந்து கேட்டிருக்கிறாய். ஒரு தடவைகூட மறுத்ததில்லை.

இப்போது போன தீபாவளிக்கு வருகிறேன். உனக்குப் பேசி முடித்திருக்கும் பெண்ணின் அண்ணன் பலகாரம் கொண்டுவந்தான். அப்பா மீதிப் பலகாரத்தை எடுத்துக்கொண்டு எஸ்டேட் கணக்கு எழுதுகிற கிராணி வீட்டுக்குப் போயிருந்தார். நானும் அக்காவும் அடுப்படியில். அந்தப் பையன் பேச்சோடு பேச்சாக, தன் கார் எண்ணெய் மூடியில் வெள்ளையாக என்னமோ ஒட்டியிருக்கிறது, ஹெட் காஸ்கெட் போய்விட்டதோ என்று பயமாக இருக்கிறது என்றான். நீ சிரித்தாய். "அட, பயப்படாதீங்க லா. கிட்டக்க கிட்டக்கவே ஓட்டுறீங்களா? எஞ்சின் சூடே ஆகியிருக்காது. உள்ள இருக்குற ஈரம் ஆவியா மேல வந்து மூடியில படிஞ்சிரும், எண்ணெயோட சேந்து பால் மாதிரி ஆயிரும்" என்றாய். அப்புறம் பாடம் நடத்தினாய். கம்பியை உருவிப் பார்க்க வேண்டுமாம். கம்பியில் எண்ணெய் சுத்தமாக இருந்தால் ஒன்றுமில்லையாம். நிஜமாகவே தண்ணீர் இறங்கியிருந்தால் கம்பியிலும் அதே வெள்ளைதான் வருமாம், எண்ணெய் அளவு ஏறியிருக்குமாம், ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்துகொண்டே போகுமாம், பின்னால் வெள்ளைப் புகை தள்ளுமாம், வண்டி கொதிக்குமாம். "இதுல எதுவுமே இல்லேன்னா ஒரு தடவ ஈப்போ வரைக்கும் நல்லா ஓட்டுங்க, மினியா மாத்துங்க, தீந்துச்சு. என் காடியிலயும் இதே மாதிரிதான் இருந்துச்சு, ராவாங்குக்கு ஓட்டிட்டுப் போனதுமே போயிருச்சு" என்றாய்.

என் கையில் ரசச் சட்டி இருந்தது. இறக்கி வைத்துவிட்டு அக்காவைப் பார்த்தேன். அவள் உளுந்து வடையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் எடுத்து முடித்துவிட்டுத் தட்டில் அடுக்கி, வெளியே வந்து, அந்தப் பையனுக்கு வைத்தாள், உனக்கும் வைத்தாள். "இன்னும் ரெண்டு போடவா தம்பி?" என்று உன்னைக் கேட்டாள். நீ போதும் என்று கையை ஆட்டினாய். என்ன பேசினோம், யார் கேட்டார்கள் என்கிற நினைப்பே உனக்கு வரவில்லை. அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

விருந்தாளி போனபிறகு கிணற்றடிக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். எப்போது தெரியும் என்று. நீ தலையைக் குனிந்துகொண்டாய், ஆனால் பொய் சொல்லவில்லை, அதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். "கொண்டுபோன புதுசுலயே தெரியும்மா. பொரட்டாசியில மினியா மாத்துனேன். எறக்குனப்ப ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. எஞ்சின் நல்லாத்தான் இருந்துச்சு" என்றாய். ஏன்டா சொல்லவில்லை என்றேன். "எப்படிம்மா சொல்றது? அத்தன பேருக்கு முன்னாடி நான்தானே போச்சுன்னு சொன்னேன். அந்தப் பட்டறக்கார மாமன் சிரிப்பாரு. இப்ப சொல்லி என்ன ஆவப் போவுது லா?" என்றாய்.

என்ன ஆகப் போகிறதா. அந்த மாப்பிள்ளைக்கு வேறு பெண் நிச்சயம் ஆனது தை மாதத்தில். நீ எண்ணெய் மாற்றியது புரட்டாசியில். காரை எடுத்துக்கொண்டு ஒரு நடை பத்தாங் காலிக்குப் போயிருந்தால், நான் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், வண்டியில் ஒன்றுமில்லை, எங்கப்பா ஏமாற்றவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர்கள் திரும்பி வந்திருக்க மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். வராமல் போகட்டும், அந்தக் குடும்பத்துக்குப் போகாததே அவளுக்கு நல்லது என்று நானே சில நாள் நினைத்ததுண்டு. ஆனால் அவள் தன் அப்பாவைச் சந்தேகப்பட்டுக்கொண்டு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்க மாட்டாள். அவர் தலை நிமிர்ந்து கோயிலுக்குப் போயிருப்பார். உன்னைப் பார்த்து ஒரு பட்டறைக்காரர் சிரிப்பார் என்று நீ இரண்டு பேர் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தாய்.

தப்பாகச் சொன்னதற்கு நான் உன்மேல் கோபப்படவில்லை. வாய் தவறாதவர் யார். தெரிந்த பிறகு மூடி வைத்தாயே, அதற்குத்தான். இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கூட்டிவரப் போகிறாய். அவளுக்காகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். அவள் எதையாவது சொல்ல வாயைத் திறந்தால் சும்மா இரு என்று சொல்லாதே. தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடு, மறுநாள் சொல்வது இன்னும் கஷ்டம், அதற்கு அடுத்த நாள் நீ வேறு ஆளாகிவிடுவாய். உனக்குச் சேராத புகழை யாராவது கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிப் பழகு. இதையெல்லாம் சின்ன வயசிலேயே சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். பம்பை ஓட வைத்த பிள்ளை என்று கன்னம் வழித்துத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தோம்.

அக்கா அன்று ராத்திரி பாத்திரம் கழுவும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்ப அப்பா ஏமாத்தலையாம்மா?" இல்லை என்றேன். மறுநாள் காலையில் அவருக்குத் தேத்தண்ணி போட்டுக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தாள். பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்து பேசினாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. தம்பி கல்யாணம் கூடி வந்ததில் மகளுக்கு மனசு இளகிவிட்டது என்று என்னிடம் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். நானும் ஆமாம் என்றேன்.

அவரிடம் இன்னும் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தினமும் வாய் வரைக்கும் வருகிறது. உங்கள் கார் நன்றாகத்தான் இருந்தது, நீங்கள் யாரையும் ஏமாற்றவில்லை, யாரிடமும் ஏமாறவும் இல்லை என்று கேட்டால் அந்த மனிதருக்கு எப்படி இருக்கும். ஆனால் உடனே அடுத்த கேள்வி கேட்பார். தம்பிக்கு எப்போது தெரியும் என்று. அதற்கு நான் என்ன சொல்வேன்? அவருக்குத் தன் பேரைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமானால் மகனைப் பிடுங்க வேண்டும். மகனை வைத்துக்கொள்ள வேண்டுமானால் அவர் தன்னை ஒரு முட்டாள் என்று நினைத்துக்கொண்டே சாக வேண்டும். இதில் ஒன்றை நான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று விட்டுவிட்டு நீ பூ ஜோடனை பற்றிப் பேசிவிட்டுப் போயிருக்கிறாய்.

ஆகவே நீ வந்து சொல். நீயே சொன்னால் அவர் கோபப்படுவார், பேசாமல் இருப்பார், அப்புறம் தாங்கிக்கொள்வார். அவர் சுபாவம் எனக்குத் தெரியும். நான் சொல்லி அவர் கேட்டால் தாங்க மாட்டார். அக்கா கல்யாணத்துக்கு வருவாள். முடிச்சும் போடுவாள். "அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு" என்கிறாள். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. அந்தக் காரில் மட்டும் ஏற மாட்டாளாம். நானும் அவளும் பஸ்ஸில் வந்துவிடுவோம்.

வராமலும் நீ இருந்துவிடலாம். உன்னை யாரும் கட்டாயப்படுத்த முடியாது, நான் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. கல்யாணத்தன்று மாலையும் கழுத்துமாக வந்து அப்பா காலில் விழுவாய். அவர் உன்னைத் தூக்கி நிறுத்தி, அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, என் மானத்தைக் காப்பாற்றிய பிள்ளை என்று சொல்வார். மனசாரத்தான் சொல்வார். நான் அவர் பக்கத்தில் நின்று அட்சதை போட வேண்டும்.

அம்மா